இன்வெர்ட்டர் இருந்தும் சர்வர் அணைந்தது ஏன்?

சென்னை மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு ஒன்றின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்து, வரி ஆலோசனை அலுவலகம் நடத்திவரும் வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. அவரிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர்களின் கணக்குகளும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் ஒரு டவர் சர்வரில், அதாவது எல்லோருக்கும் பொதுவான மையக் கணினியில், இருக்கின்றன. அதிலுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க்குகள், ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. ஒன்றரை ஆண்டுக்கு முன் 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் வாங்கி, விளக்கு, மின்விசிறி, சர்வர் மூன்றையும் அதில் இணைத்திருக்கிறார். “கம்ப்யூட்டருக்கும் இதுவே தாங்கும்” என்று விற்றவர் சொன்னாராம். நான்கு மேசைக் கணினிகளுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை; மற்ற இருவர் லேப்டாப்பில் வேலை செய்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு மாலையில் மின்சாரம் போனது. விளக்குகள் ஒருமுறை சிமிட்டிவிட்டுத் தொடர்ந்து எரிந்தன. மின்விசிறிகள் நிற்கவே இல்லை. சர்வர் மட்டும் அணைந்து மறுபடி தொடங்கியது. அந்த நேரத்தில் மூன்று பேர் டாலியில் பதிவு செய்துகொண்டிருந்ததால் ஒரு நிறுவனத்தின் தரவு திறக்க மறுத்தது. டாலியின் ‘ரீரைட்’ என்ற பழுதுநீக்கும் வசதியால் மீட்டபோது இரண்டு நாள் பதிவுகளைக் காணவில்லை. அதன் பிறகு விசாரித்ததில் மூன்று யோசனைகள் கிடைத்திருக்கின்றன. கணினிப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் 600 வி.ஏ. யூபிஎஸ் போதும் என்றார்கள். இன்னொருவர், 2 கே.வி.ஏ. (2000 வி.ஏ.) ஆன்லைன் யூபிஎஸ்ஸோடு பெரிய பேட்டரிகளை வெளியே அடுக்கினால் நான்கு மணி நேரம் தாங்கும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். உறவினர் ஒருவர், இன்வெர்ட்டருக்கு இன்னொரு பேட்டரி சேர்த்தால் காரியம் முடிந்தது என்கிறார்.

“இவற்றில் எதை வாங்குவது, ஐயா? சர்வரின் பவர் சப்ளையில் 500 வாட் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் 600 வி.ஏ. சரியாக இருக்கும் அல்லவா? இருக்கும் இன்வெர்ட்டரை விற்றுவிடலாமா? தரவு போனதற்குக் கடைக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா? சர்வர், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரே மர அலமாரியில் இருப்பதில் தவறு உண்டா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சர்வர் அணைந்தது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே நோய் தெரிந்துவிடுகிறது. உங்கள் பேட்டரியில் மின்சாரம் இல்லாமல் போகவில்லை. அது வந்து சேரச் சற்றுத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வீதம் மாறிக்கொண்டே வருவது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி ஆகும். கணினியின் பவர் சப்ளை தன் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரின் சேமிப்பை வைத்து, முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி நொடி, சுமை குறைவாக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக, உள்ளே மின்சாரம் வராமலேயே சமாளிக்கும். அதற்குமேல் இடைவெளி நீண்டால் சர்வர் அணைந்துவிடும். வீட்டு உபயோக இன்வெர்ட்டர், மின்தடையை உணர்ந்து உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சை மாற்றிப் போடுவதற்குப் பல சமயங்களில் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. மின்விசிறி தன் சுழற்சி வேகத்திலேயே அந்த இடைவெளியைக் கடந்துவிடும். விளக்கு சிமிட்டுவதோடு சரி.

ஆகவே உங்கள் உறவினரின் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இன்னொரு பேட்டரி அல்ல, இன்னும் பத்து பேட்டரி சேர்த்தாலும் அந்த இடைவெளி ஒரு மில்லி நொடிகூடக் குறையாது. இன்வெர்ட்டரின் பின்புறத்தைப் பாருங்கள்: சில மாடல்களில் ‘யூபிஎஸ்’, ‘ஈகோ’ என்று இரண்டு நிலைகள் உள்ள சிறு சுவிட்ச் இருக்கும். அது ஈகோவில் இருந்தால், மின்னழுத்தம் மிகவும் கீழே இறங்கும்வரை இன்வெர்ட்டர் பொறுத்திருக்கும், மாறுவதும் மெதுவாக நடக்கும். புது யூபிஎஸ் வரும்வரை அந்தச் சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான்; சர்வரை இதை மட்டும் நம்பி விட்டுவைக்கக் கூடாது.

பவர் சப்ளையில் எழுதியிருக்கும் 500 வாட்

அந்த எண், பவர் சப்ளையால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்கிறது. உங்கள் சர்வர் எவ்வளவு இழுக்கிறது என்பதை அல்ல. இரண்டு ஹார்டு டிஸ்க் உள்ள சிறிய டவர் சர்வர் சாதாரண அலுவலக வேலையில் நூறு வாட்டுக்கு முன்னும் பின்னுமாகத்தான் இழுக்கும். ஊகிக்க வேண்டியதில்லை. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி, வேலை மும்முரமாக நடக்கும் நாளில் ஒரு முழு நாள் வைத்துப் பாருங்கள். சர்வர் தொடங்கும்போது காட்டும் உச்ச அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அதனுடன், கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சையும் ரவுட்டரையும் சேர்த்தால், கணக்குக்காக 160 வாட் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் கணக்குகள் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். உங்கள் மீட்டர் வேறு எண்ணைக் காட்டினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வி.ஏ. என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல. கடையில் 600 வி.ஏ. என்று விற்கப்படும் சிறிய யூபிஎஸ்ஸின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் பெரும்பாலும் 360 வாட் என்று இருக்கும். ஆன்லைன் வகையில் 1 கே.வி.ஏ. என்றால் 800 அல்லது 900 வாட் வரை கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது வாட் எண்ணைத்தான். உங்கள் 160 வாட், 360 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அடங்கும்; ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி வருகிறது, அப்படியானால் அரைமணி நேரம் ஓடும் என்று தோன்றும். அந்த 7 ஆம்பியர்-மணி என்பது, 20 மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தால் கிடைக்கும் அளவு. ஒரு மணி நேரத்திலேயே காலி செய்ய முயன்றால் அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் கைக்கு வரும். அதைவிட வேகமாக இழுத்தால் இன்னும் குறையும். 160 வாட்டில் அந்தப் பெட்டி, பேட்டரி புதிதாக இருக்கும்போதே பத்து நிமிடம் அளவுக்குத்தான் தாங்கும். இரண்டு கோடைகள் கழிந்தபின் ஐந்து நிமிடம்கூட நிச்சயமில்லை.

அதைவிட முக்கியமான குறை அலையின் வடிவத்தில் இருக்கிறது. விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது வழவழப்பான சைன் அலையைத் தருவதில்லை, படிக்கட்டு போன்ற ஒரு போலி அலையைத் தருகின்றன. மேசைக் கணினிகள் பெரும்பாலும் அதைச் சகித்துக்கொள்ளும். சர்வர்களில் இருக்கும், மின்திறன் காரணியைத் தானே திருத்திக்கொள்ளும் பவர் சப்ளைகளில் சில, அந்த அலையைக் கண்டதும் முனகும். சில அணைந்தே விடும். காப்பாற்ற வாங்கிய பெட்டியே சர்வரை அணைத்த கதையை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். எனவே சர்வருக்கு வாங்கும் யூபிஎஸ், எந்த வகையாக இருந்தாலும், ‘ப்யூர் சைன் வேவ்’ என்று விவரப் பட்டியலில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

இனி வகை. லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ், மின்சாரம் ஒழுங்காக வரும்போது அதையே அனுப்பி, மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஓரளவு சரிசெய்து, மின்சாரம் நின்றால் 4 முதல் 10 மில்லி நொடிக்குள் பேட்டரிக்கு மாறும். சர்வரின் பொறுமைக்குள் இது அடங்கிவிடும். ஆன்லைன் யூபிஎஸ், வரும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து மறுபடி புதிதாக மாறுமின்சாரத்தை எந்நேரமும் தயாரித்துக் கொடுப்பதால், மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு விலையாக அது சற்று மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும், விசிறிச் சத்தம் ஓயாது, பணமும் கூடுதல். உங்கள் கடிதத்தில் மாலை வேளைகளில் விளக்கு மங்குவதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால்தான் நான் ஆன்லைன் பக்கம் சாய்கிறேன். குறைந்த மின்னழுத்தம் அடிக்கடி வரும் இடத்தில் லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ், தன் திருத்தும் எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் பேட்டரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும்; பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆன்லைன் யூபிஎஸ், சுமை குறைவாக இருக்கும்போது மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தையும் பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கும். கைக்கு எட்டாத விலையாகத் தோன்றினால், ப்யூர் சைன் வேவ் லைன் இன்டராக்டிவ் வாங்குவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நான்கு மணி நேரம் எதற்கு?

உங்களுக்குக் கொடுக்கப்பட்ட இரண்டாவது கொட்டேஷனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான அலுவலகங்கள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். நான்கு மணி நேரம் சர்வர் ஓடும், சரி. அந்த நான்கு மணி நேரமும் மேசைக் கணினிகள் அணைந்திருக்கும், குளிர்சாதனம் நின்றிருக்கும், இணையம் வரலாம், வராமலும் போகலாம். யாருமே பயன்படுத்தாத சர்வரை, காற்றோட்டமில்லாத அலமாரியில், வெப்பம் ஏற ஏற ஓடவிடுவதற்காக அத்தனை பேட்டரிகளை வாங்க வேண்டுமா என்று யோசியுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று முன்கூட்டியே அறிவிக்கப்படுவது. அன்றைக்குச் சர்வரை முறையாக நிறுத்திவிட்டு வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொள்வதற்குப் பேட்டரி தேவையில்லை.

யூபிஎஸ் பேட்டரியின் வேலை, உங்களை வேலை செய்யவைப்பது அல்ல; சர்வர் தன் கோப்புகளை மூடிவைத்துவிட்டு ஒழுங்காக அணைவதற்கு அவகாசம் கொடுப்பது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்ததிலிருந்து விசிறி நிற்கும்வரை வழக்கமாக மூன்று, நான்கு நிமிடம். விண்டோஸ் அப்டேட் குறுக்கிட்டால் பத்து நிமிடம்கூட ஆகலாம். குறுகிய மின்தடையைக் கடந்துவிடப் பத்து நிமிடம், அணைவதற்குப் பத்து நிமிடம், ஆக இருபது நிமிடம் போதும். உள்ளேயே இரண்டு 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் கொண்ட 1 கே.வி.ஏ. ஆன்லைன் யூபிஎஸ் 160 வாட்டுக்கு, புதிதாக இருக்கையில், ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும்; மூன்று பேட்டரி மாடல் முக்கால் மணி நேரத்தை நெருங்கும். பேட்டரிகள் தளர்ந்தபின்னும் உங்களுக்கு வேண்டிய இருபது நிமிடம் கிடைக்க வேண்டும் என்பதால் மூன்று பேட்டரி மாடலையே வாங்குங்கள்.

ஆனால் அந்த இருபது நிமிடத்தைச் சர்வர் பயன்படுத்திக்கொள்ள வேண்டுமானால், மின்சாரம் போய்விட்டது என்ற செய்தி அதற்குத் தெரிய வேண்டும். யூபிஎஸ்ஸுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு யூஎஸ்பி கேபிள் போக வேண்டும். இதைத்தான் பலரும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, நான் அவ்வப்போது ஆலோசனை சொல்லிவந்த ஓர் அலுவலகத்தில், நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி அடுக்கு இருந்தது. உரிமையாளருக்கு அதில் பெருமையும் உண்டு. மரங்கள் விழுந்து யாரும் அலுவலகத்துக்குப் போக முடியாத அந்த மாலையில், பேட்டரிகள் சொன்ன சொல் தவறாமல் நான்கு மணி நேரம் தாங்கிவிட்டு நின்றன. சர்வர், அப்படியொன்று நடக்கப்போகிறது என்று அறியாமல் கடைசி நொடிவரை வேலை செய்துகொண்டிருந்து, தொப்பென்று அணைந்தது. கேபிள், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், மேசை இழுப்பறையில் கிடந்தது.

அந்தக் கேபிளை இணைத்தபின், விண்டோஸ் சில யூபிஎஸ்களைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். மற்றவற்றுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவ வேண்டும். லினக்ஸ் சர்வர் என்றால் ‘நட்’ என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான தயாரிப்புகளுடன் பேசும். வாங்குவதற்கு முன்பே, உங்கள் சர்வரில் இருக்கும் விண்டோஸ் பதிப்புக்கு அந்த மென்பொருள் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்தோ, பேட்டரி நாற்பது சதவீதத்துக்கு இறங்கியவுடனோ, எது முந்துகிறதோ அப்போது அணையும்படி அமையுங்கள். சர்வர் அணைந்தபின் யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை நிறுத்தும்படியும், சர்வரின் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) ‘மின்சாரம் வந்ததும் தொடங்கு’ என்ற அமைப்பு இயங்கும்படியும் செய்துவிட்டால், மின்சாரம் நள்ளிரவில் திரும்பி வந்தாலும் காலையில் நீங்கள் வரும்போது சர்வர் எழுந்திருக்கும்.

நெட்வொர்க் சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் இணைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சுவிட்ச் அணைந்தால், லேப்டாப்பில் டாலியைத் திறந்து வைத்திருப்பவர் சேமித்து வெளியேற வழியில்லாமல் போகும். சர்வர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. அதே காரணத்துக்காக, ரிச்சி தெருவில் சொன்ன 600 வி.ஏ. யூபிஎஸ்ஸை நான் முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. டாலியில் பதிவு செய்யும் மேசைக் கணினி ஒவ்வொன்றுக்கும் அதில் ஒன்று வையுங்கள். அதன் இடம் சர்வருக்கு அருகில் அல்ல, அந்த மேசைகளுக்கு அடியில். லேசர் பிரின்டரை மட்டும் எந்த யூபிஎஸ்ஸிலும் செருகாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர், அச்சிடும்போது விட்டுவிட்டு இழுக்கும் மின்சாரம் சிறிய யூபிஎஸ்ஸை மூச்சுத் திணறவைத்துவிடும்.

இன்வெர்ட்டரை விற்க வேண்டாம்

முதலில் அது ப்யூர் சைன் வேவ் வகையா, சதுர அலை வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். ப்யூர் சைன் வேவ் என்றால், மின்வாரிய இணைப்பு இன்வெர்ட்டருக்கு, இன்வெர்ட்டரிலிருந்து ஆன்லைன் யூபிஎஸ்ஸுக்கு, அதிலிருந்து சர்வருக்கு என்ற வரிசையில் இணைத்துவிடலாம். இன்வெர்ட்டர் மாறும்போது ஏற்படும் இடைவெளியை யூபிஎஸ் தன் பேட்டரியால் நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பின் நீண்ட நேரத்தை இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி பார்த்துக்கொள்ளும். விளக்குக்கும் விசிறிக்கும் 300 வாட், யூபிஎஸ்ஸுக்கு அதன் சார்ஜர் உட்பட 230 வாட் என்று வைத்தால், நல்ல நிலையில் உள்ள பேட்டரி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும். விசிறிகளை நிறுத்தினால் இன்னும் கூடும். அதுவும் தீர்ந்தால்தான் யூபிஎஸ் தன் இருபது நிமிடத்தை எண்ணத் தொடங்கி, சர்வரை அணைக்கும். கொட்டேஷனில் இருக்கும் நான்கு மணி நேரத்தில் பாதி, ஏற்கனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. இந்த வரிசையை மாற்றி, யூபிஎஸ்ஸின் வெளியீட்டில் இன்வெர்ட்டரைச் செருகிவிடக் கூடாது.

சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் இந்த இணைப்பு வேண்டாம். அந்த அலையைப் பல யூபிஎஸ்கள் கெட்ட மின்சாரம் என்று எண்ணி ஏற்க மறுத்து, தங்கள் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும். அப்போது யூபிஎஸ்ஸை நேரடியாக மின்வாரிய இணைப்பில் வைத்து, இன்வெர்ட்டரை விளக்குக்கும் விசிறிக்கும் விட்டுவிடுங்கள். பிற்பாடு எப்போதாவது நீண்ட நேரம் வேண்டுமென்று முடிவு செய்தால், உள்ளே பேட்டரி உள்ள சாதாரண மாடலின் முதுகில் பெரிய பேட்டரிகளைக் கட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். அதன் சிறிய சார்ஜரால் பெரிய பேட்டரியை நிரப்ப முடியாது. அதற்கென்று பெரிய சார்ஜருடன் ‘லாங் பேக்கப்’ மாடல்கள் தனியாக வருகின்றன.

அலமாரி, தண்ணீர், எர்த்

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் எனக்கு முதலாவதாகப் பட்டது. டியூபுலர் பேட்டரியையும் சர்வரையும் ஒரே மூடிய அலமாரியில் வைப்பது தவறு. தண்ணீர் ஊற்றும் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவையும் லேசான அமிலப் புகையையும் வெளியிடும். முன்னது தீப்பற்றக்கூடியது, பின்னது சர்வரின் செம்புத் தடங்களை மெல்ல அரிக்கும். பேட்டரியை இந்த வாரமே காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். புது யூபிஎஸ் வாங்குவதுவரை காத்திருக்க வேண்டாம்.

யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் மூடிய பேட்டரிக்கும் வெப்பம்தான் எதிரி. அதன் ஆயுளை 25 டிகிரி செல்சியஸில் கணக்கிட்டுச் சொல்வார்கள்; அதற்குமேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. கத்திரி வெயிலில் சென்னையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மாடிப்படிக்குக் கீழே கதவு சாத்திய மர அலமாரிக்குள் என்ன நிலை என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் இரண்டு, மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிவரும் என்று இப்போதே வரவு செலவில் எழுதிக்கொள்ளுங்கள். அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டாலே பாதி வெப்பம் குறைந்துவிடும். மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாகச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். விற்பவரே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பது வழக்கம்.

தரைத்தளம், அதுவும் மேற்கு மாம்பலம் என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்குமேல் ஓர் அடி உயரத்தில் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, சர்வரையும் யூபிஎஸ்ஸையும் அதில் ஏற்றுங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாக செப்டம்பர் 30, அதைச் சார்ந்த கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 31 என்று உங்கள் வேலை உச்சத்துக்குப் போகும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்கிறது.

எர்த்திங் சரியில்லாத வீட்டில் எந்த யூபிஎஸ்ஸும் முழுப் பாதுகாப்புத் தராது. பழைய வீடு என்பதால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, சர்வர் செருகும் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பத்து, இருபது என்று காட்டினால், எர்த் குழியையோ நியூட்ரல் இணைப்பையோ சரிசெய்துவிட்டுத்தான் யூபிஎஸ்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரக்கூடும். நீங்கள் சொல்லும் விளக்கு மங்குவதற்குக்கூடத் தளர்ந்த நியூட்ரல் காரணமாக இருக்கலாம்.

இழப்பீட்டைப் பற்றி: நான் பொறியாளன், வழக்கறிஞன் அல்ல, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குவோரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஆறு பேரை வைத்து நடத்தும் அலுவலகம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பது வாதத்துக்குரியது. புகார் அளிக்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் என்பதால், காலம் தாழ்த்தாமல் ஒரு வழக்கறிஞரையோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ அணுகலாம். வாய்ச்சொல்லாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம் என்பதையும், அன்றாடம் ஒரு நகல் எடுத்திருந்தால் இழப்பு ஒரு நாளோடு நின்றிருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பதையும் மனத்தில் வையுங்கள். இரண்டு டிஸ்க் இருப்பதை நீங்கள் நகல் என்று எண்ணியிருந்தீர்கள். அது டிஸ்க் பழுதானால் காப்பாற்றும், அவ்வளவே. தவறாக எழுதப்பட்டது இரண்டிலும் தவறாகவே எழுதப்படும். தினமும் மாலையில் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக் கழற்றி வைப்பதும், வாரம் ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே போவதும் யூபிஎஸ்ஸைவிட முந்திய தேவை.

இம்முறை வாய்ச்சொல்லுக்கு இடம் வைக்காதீர்கள். யூபிஎஸ்ஸின் மாடல், வாட் அளவு, பேட்டரிகளின் எண்ணிக்கை, ஆம்பியர்-மணி, யூபிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் தனித்தனியே உத்தரவாதக் காலம் எல்லாம் பில்லில் இருக்கட்டும். இந்த அளவுள்ள யூபிஎஸ்களுக்கு ஐஎஸ் 16242 தரத்தின் கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்தோடு தொடங்கும் அந்தப் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் தயாரிப்பு மாதத்தையும் கேளுங்கள். சும்மா இருந்தாலும் மூடிய பேட்டரி தானாகச் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்குமேல் சார்ஜ் செய்யப்படாமல் கிடங்கில் கிடந்ததைப் புதியது என்று ஏற்க வேண்டாம்.

யூபிஎஸ் வந்ததும் பத்து மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு, சர்வருக்குப் பதிலாக 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை அதில் மாட்டி, எவ்வளவு நேரம் எரிகின்றன என்று பாருங்கள்; 200 வாட்டுக்கு அரைமணி நேரம் எரிந்தால் உங்கள் சர்வருக்குத் தாராளம். பிறகு எல்லோரும் வேலை முடித்துக் கிளம்பிய ஒரு மாலையில், நகல் எடுத்து முடித்தபின், சர்வரை இணைத்து அந்தச் சுற்றின் எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்சை) இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். அப்போது எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் இணைத்திருந்தால், இந்தச் சோதனைக்கு மட்டும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிடுங்கள். பத்து நிமிடத்தில் சர்வர் தானே அணைய வேண்டும், சற்றுப் பின் யூபிஎஸ்ஸின் வெளியீடும் நிற்க வேண்டும், எம்சிபியைத் தூக்கியதும் சர்வர் யார் கையும் படாமல் எழுந்திருக்க வேண்டும். மூன்றில் எது நடக்காவிட்டாலும், மென்பொருளை அமைக்க வந்தவர் அங்கேயே இருக்கும்போதே சரிசெய்து வாங்குங்கள்; விலையில் ஒரு பகுதியை இந்தச் சோதனை முடிந்தபின் கொடுப்பதாக முன்பே பேசி வைத்தால் அவரும் அவசரப்பட்டுக் கிளம்ப மாட்டார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, சர்வர் அணையும்போது யூபிஎஸ் திரையில் எத்தனை சதவீதம் மீதி என்று அலமாரியின் மேலேயே ஒரு தாளில் குறித்துவாருங்கள். அந்த எண் ஐம்பதுக்குக் கீழே வந்த மாதம் புதுப் பேட்டரிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.